பவளத்திற்குச் சுண்ணாம்பு ஊட்டிய வரலாறு



பாட்டிமார் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு, வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு, தைப்பூசத்தன்று நாம் படியேறிச் செல்லும் பத்துமலை, கடலுக்கடியில் பூத்திருக்கும் பவளப்பாறை ஆகிய நான்கையும் வரிசையாக நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆனால் இவை யாவும் சுண்ணம் என்ற ஒரே பொருளின் வெவ்வேறு கோலங்கள். கடல்நீரை விட்டுப் பிரிந்தால் மாண்டுபோகும் பவளத்தை, கடலே இல்லாத ஊரில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் வாழவைக்க மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான்? அந்த வரலாற்றையும், அதன் கடைசிப் படியாக வந்த 'கால்சியம் ரியாக்டர்' என்னும் கருவியையும் இன்றைய உரையில் காண்போம். அக்கருவியை நாம் எளிமையாகச் 'சுண்ணக் கலம்' என்று அழைக்கலாம்.

"இது வசதி படைத்தவர் வீட்டு அலங்காரம். இதைப் பற்றி நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பட்டணத்திற்குச் சென்று பல தொழில்கள் பார்க்கின்றனர். அழகு மீன் கடையிலும், ஓட்டல் கூடத்துத் தொட்டியிலும் தண்ணீர் மாற்றும் கை நம் பிள்ளையின் கையாக இருக்கலாம். விவரம் தெரிந்த கைக்கு ஒரு கூலி, தெரியாத கைக்கு வேறு கூலி. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. இந்தச் சிறு தொட்டியில் கற்ற பாடம் இன்று உலகக் கடல்கள் அனைத்தின் தலைவிதியோடு பிணைந்திருக்கிறது. அதை உரையின் இறுதியில் சொல்கிறேன்.

முதலில் பவளம் என்றால் என்ன என்று பார்ப்போம். அது கல்லும் அன்று, செடியும் அன்று. அது ஒரு பிராணி. பூப்போன்ற வாயும் கைகளும் உடைய மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றும் கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணச் சத்தை எடுத்துத் தன் காலடியில் கல்லாகக் கட்டிக்கொள்கிறது. பவளப்பாறை என்று நாம் சொல்வது இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட வீடுதான். வெப்பக் கடலில் பாறை கட்டும் பவளங்களின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் குடியிருக்கின்றன. அந்தப் பாசிகள் வெயிலை வாங்கி உணவு சமைத்துப் பவளத்திற்கும் கொடுக்கின்றன. ஆகவே பவளம் வாழச் சுத்தமான உப்புநீர், நல்ல வெளிச்சம், குறையாத சுண்ணம் ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றையும் மனிதன் ஒவ்வொன்றாகவே கண்டுபிடித்தான்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1846ஆம் ஆண்டில் ஆன்னா தைன் என்ற பெண்மணி டார்க்கி என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றிருந்தார். அங்கே கிடைத்த கற்பவளங்களை உயிரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் இல்லை. கடல்நீரை வரவழைத்தார். தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே! வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்றுகொண்டு, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றினார். நாம் தேநீரை ஆற்றுகிறோமே, அதைப் போலத்தான். இன்று மின்சாரப் பம்பு செய்யும் வேலையை அன்று அந்தப் பெண்ணின் கைகள் செய்தன. பின்னர் ஆன்னா தைன் கடற்பாசிச் செடிகளையும் அத்துடன் சேர்த்து வைத்தார். அவருடைய பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன.

ஏறத்தாழ அதே காலத்தில், 1850இல், ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதை விளக்கினார். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்கள் பார்ப்பதற்கென மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆய்வாளர் எழுதிய நூலின் வழியாக 'அக்குவேரியம்' என்னும் சொல் வீட்டுக்கு வீடு பரவியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆன்னா தைன் வளர்த்தவை குளிர்ந்த கடலின் பவளங்கள். அவற்றின் உடலில் பாசி இல்லை, அவை மெதுவாகவே வளர்பவை. நம் பக்கத்து வெப்பக் கடலின் பவளங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் இட்டவர்கள் நெடுங்காலம் தோல்வியையே கண்டனர். பவளம் சில வாரம் அல்லது சில மாதம் நிறம் மங்கிக் கிடக்கும், பிறகு வெறும் கல்லாகும். தண்ணீர் அழுக்குத்தான் காரணம் என்று பலர் எண்ணினர். அது பாதி உண்மையே.

மற்றப் பாதி உண்மை இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கத் தொடங்கியது. 1956இல் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவின் நூமேயா நகரில் ரெனே கட்டாலா என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு கடற்காட்சிச் சாலையைத் திறந்தார. அங்கே பவளங்கள் நன்றாக வாழ்ந்தன. காரணம் எளிது. கடலிலிருந்து புதுநீர் இடைவிடாமல் தொட்டிகளுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. பவளம் எடுத்துக்கொண்ட சுண்ணத்தைக் கடலே ஈடுசெய்தது. 1959இல் தாமஸ் கோரோ என்ற அறிஞர், ஜமைக்காத் தீவில் தாம் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார். கதிரியக்கக் கால்சியத்தை அடையாளமாக வைத்து, பவளம் எவ்வளவு வேகமாகச் சுண்ணத்தை எடுக்கிறது என்று அவர் அளந்தார். இருட்டில் இருக்கும்போது எடுப்பதைவிட வெளிச்சத்தில் பவளம் அதிகச் சுண்ணம் எடுக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. நல்ல வெளிச்சம் கொடுத்தால் பவளத்தின் சுண்ணப் பசி கூடும் என்பதே இதன் பொருள்.

அடுத்த செய்தி நமக்கு அண்டை நாட்டிலிருந்து வருகிறது. ஜாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் தம் முறையை எழுதினார். அவரிடம் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கடல்நீர், கடலடியிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகள், வெயில், காற்றுக் குமிழிகள், இவ்வளவுதான். பாறைத் துண்டுகளில் குடியிருந்த நுண்ணுயிர்கள் தண்ணீரின் அழுக்கைத் தின்றன. கடல் அருகே இருந்ததால் அவருக்குப் புதுநீர் கிடைத்தது. கடலிலிருந்து நெடுந்தூரத்தில் உள்ளவன் என்ன செய்வான்?

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் ஐரோப்பாவின் பவள வளர்ப்பாளர்கள். பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1973இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு திருப்பம். தொட்டியில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதிலாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றுமாறு அவர் வழிகாட்டினார். ஆம் நேயர்களே, வெற்றிலைச் சுண்ணாம்பின் உறவான அதே நீற்றுச் சுண்ணாம்புதான்! ஆயினும் வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பை யாரும் தொட்டியில் போட்டுவிடக் கூடாது. அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். தூய்மையான சுண்ணாம்புத் தூளே இதற்கு ஏற்றது.

இதே காலத்தையொட்டி, பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறை, நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி, பலமான விளக்கு ஆகியவற்றை ஒன்றுசேர்த்தனர். அவர்களுள் டீட்ரிக் ஸ்டூபர் பெயர்பெற்றவர். அவருடைய தொட்டியில் வளர்ந்த ஒரு கிளைப்பவளம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, நண்பர் கையிலிருந்து நண்பர் கைக்கு மாறிப் பல நாடுகளுக்குப் போயிற்று. கடலில் ஒரு கிளையைக்கூட உடைக்காமல் நூற்றுக்கணக்கான தொட்டிகளைப் பவளத்தால் நிரப்ப முடியும் என்பதை அது காட்டியது. மரவள்ளிக் குச்சியை வெட்டி நட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

பவளம் செழித்தது. அதனால் புதிய தொல்லை ஒன்று பிறந்தது. செழித்த பவளத்தின் பசிக்குச் சுண்ணாம்பு நீர் போதவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. சுண்ணத்தின் மறுபாதியான கார்பனேட்டுச் சத்தைக் 'காரத்தன்மை' என்ற அளவால் குறிப்பர். இயற்கைக் கடல்நீரில் அது ஏறத்தாழ 7 ஜெர்மன் டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமம். இப்போது 400 லிட்டர் தொட்டி ஒன்றில் ஒரு நாளைக்கு 1.4 டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 25 மில்லிகிராம் வீதம், 400 லிட்டருக்கு 10 கிராம் சுண்ணாம்புக்கல். அதாவது அந்தத் தொட்டியிலுள்ள பவளங்கள் நாளொன்றுக்கு 10 கிராம் கல் கட்டுகின்றன. ஆண்டுக்கு மூன்றரைக் கிலோவுக்கும் மேல்!

தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் சுண்ணாம்புதான் கரைந்திருக்கும். அது 2 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடு. ஆகவே 10 கிராமுக்கு 5 லிட்டர் ஊற்ற வேண்டும். தொட்டியில் நாளொன்றுக்கு 3 லிட்டர்தான் ஆவியாகிறது என்றால் மீதி 2 லிட்டரை எங்கே ஊற்றுவது? தொட்டி வழிந்துவிடும். மேலும் சுண்ணாம்பு நீர் மிகவும் காரமானது. அவசரப்பட்டு ஊற்றினால் பவளம் வெந்துபோகும்.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதே ஒரு நாளில் கால்சியம் குறைவது லிட்டருக்கு 10 மில்லிகிராம். 420இல் 10 என்பது பெரிய குறைவாகத் தெரியாது. ஆனால் காரத்தன்மையோ 7இல் 1.4, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எனவே தொட்டி பார்ப்பவர் முதலில் சோதிக்க வேண்டியது காரத்தன்மையைத்தான். பசியை முதலில் சொல்வது அதுவே.

1990களில் இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஹான்ஸ் வெர்னர் பாலிங் என்ற ஜெர்மானியர் கால்சிய உப்பையும் சோடா உப்பையும் தனித்தனியே கரைத்து, அளவாகச் சேர்க்கும் முறையை வகுத்தார். இரண்டாவது வழிதான் நம் சுண்ணக் கலம். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரிலுள்ள லொப்பெக்கெ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் ஹெப்பிங்ஹவுஸ் அதை உருவாக்கி விளக்கினார். இறந்த பவளத்தின் எலும்பைக் கரைத்து உயிருள்ள பவளத்திற்கு ஊட்டுவது அக்கருவியின் வேலை.

இது நமக்குப் புதிய கருத்தன்று. செம்பனைத் தோட்டத்தில் ஆலைக்குப் போன குலைகளிலிருந்து பழத்தை எடுத்தபின், வெற்றுக் குலைகளைத் திரும்பக் கொண்டுவந்து மரத்தடியில் பரப்புகிறார்கள் அல்லவா? மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தில் ஒரு பங்கு மரத்திற்கே திரும்புகிறது. சுண்ணக் கலத்திலும் அதே நியாயம் நடக்கிறது. பவளம் எந்த விகிதத்தில் கால்சியமும் கார்பனேட்டும் எடுத்துக் கட்டியதோ, அதே விகிதத்தில் அவை கரைந்து வெளிவருகின்றன. ஒன்று கூடி ஒன்று குறையும் தொல்லை இல்லை.

கல் எப்படிக் கரைகிறது? இதைப் பள்ளிக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிதளவும் நல்ல நீரை மிகுதியாகவும் ஊற்றுங்கள். உறிஞ்சுகுழல் வழியாக மெல்ல ஊதுங்கள். மறந்தும் உறிஞ்சக் கூடாது, வாய் வெந்துவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சில் உள்ள கரியமிலவாயு சுண்ணாம்போடு சேர்ந்து மீண்டும் சுண்ணாம்புக்கல் தூளாவதே அந்த வெண்மை. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் என்ற மருத்துவ அறிஞர், 1750களில் சுண்ணாம்பையும் இந்த வாயுவையும் பற்றிச் செய்த ஆய்வால் புகழ்பெற்றார்.

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் பொறுமையாக ஊதிக்கொண்டே இருங்கள். பால்போன்ற நீர் மெல்ல மெல்லத் தெளிந்துவிடும்! மிகுதியான கரியமிலவாயு நீரோடு கூடி மென்மையான அமிலமாகி, கல் தூளை மறுபடியும் கரைத்துவிட்டது. அந்த இரண்டாவது தெளிவுதான் சுண்ணக் கலத்தின் இரகசியம்.

பத்துமலைக் குகையைக் குடைந்ததும் இந்த இரகசியமே. அம்மலையின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் பழங்காலக் கடலடியில் படிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு, பாறை இடுக்குகளில் புகுந்து, கல்லைத் துளித்துளியாகக் கரைத்தது. அந்தத் துளி குகைக் கூரையில் வந்து தொங்கும்போது வாயு பிரிந்துவிட, கரைந்த கல் மீண்டும் உறைந்து விழுதுபோல் தொங்குகிறது. ஈப்போ வட்டாரத்துக் குகைகளிலும் இக்காட்சியைக் காணலாம். அடுத்தமுறை குழந்தைகளோடு பத்துமலைக்குப் போனால் முருகனை வணங்கியபின் கூரையையும் ஒருமுறை காட்டுங்கள்.

இனி, ஒரு தொட்டிக்குச் சுண்ணக் கலம் தேர்ந்தெடுத்து அமைப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதற்கேள்வி, அது தேவையா என்பதே. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கும், கல் கட்டாத மென்பவளம் உள்ள தொட்டிக்கும் அது வேண்டாம். சிறு தொட்டிக்கு வாரம் ஒருமுறை நீர் மாற்றுவதோ சுண்ணாம்பு நீரோ போதும். கற்பவளம் நிறைந்த பெரிய தொட்டிக்கே அது பயன்படும். வாங்குமுன் சில நாட்கள் எதையும் சேர்க்காமல் தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையைச் சோதித்து, எவ்வளவு குறைகிறது என்று எழுதிவைக்க வேண்டும். அந்தக் குறிப்பே எந்த அளவுக் கலம் வேண்டும் என்பதைச் சொல்லும். பசியை அளக்காமல் பானை வாங்கக் கூடாது.

கருவியின் உறுப்புகளைச் சொல்கிறேன். பவளக் கற்களை நிரப்பும் மூடிய குழாய்க் கலம் ஒன்று, அதற்குள் நீரைச் சுழலவிடும் பம்பு ஒன்று, கரியமிலவாயு அடைத்த உருளை, சமையல் எரிவாயுவுக்கு இருப்பதுபோல் ஒரு ரெகுலேட்டர், வாயுவை மிக நுணுக்கமாகத் திறக்க ஓர் ஊசி வால்வு, குமிழிகளை எண்ணிப் பார்க்க ஒரு சிறு குப்பி, நீர் பின்னோக்கி வாயுக்குழாயில் ஏறாமல் தடுக்கும் வால்வு, அமில அளவைக் காட்டும் மின்மானி ஆகியவை. இவற்றுள் விலைக்குறைவைப் பார்த்து ஏமாறக் கூடாத உறுப்பு ரெகுலேட்டரும் ஊசி வால்வும். அது தளர்ந்தால் வாயு கட்டுக்கடங்காமல் புகும். கலத்தின் மூடியை எளிதாகத் திறந்து மூட முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கல் கரையக் கரையப் புதிதாக நிரப்ப வேண்டுமே!

உள்ளே இடும் கல் பெருந்துண்டுகளாக இருக்கட்டும். பொடியாக இருந்தால் குழைந்து சேறாகி நீரோட்டத்தை அடைத்துவிடும். அதற்கென்று விற்கும் தூய பவளக் கற்களையே வாங்க வேண்டும். கடற்கரைக்குப் போய்ப் பாறையை உடைத்து வருவது பெரும் பாவம். ஒரு பவளத்தை வளர்க்க இன்னொரு பவளத்தின் வீட்டை இடிப்பதில் என்ன அறம் இருக்கிறது?

அமைக்கும் முறை இது. கல்லை நன்றாகக் கழுவி நிரப்புங்கள். முதல் நாள் வாயு இல்லாமல் நீரை மட்டும் ஓடவிட்டு ஒழுக்கு உண்டா என்று பாருங்கள். பிறகு வாயுவை நிமிடத்திற்குச் சில குமிழிகள் வீதம் திறக்க வேண்டும். கடல்நீரின் பி.எச். அளவு சுமார் 8.1. கலத்தினுள் அது மெல்ல இறங்கி 6.5க்கும் 6.8க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கும் கீழே விட்டால் கல் கூழாகும். கலத்திலிருந்து வெளிவரும் நீர், பால்மரத்துப் பட்டையில் பால் வடிவதுபோல் சீராகச் சொட்ட வேண்டும். நாம் முன்பு கணக்கிட்ட தொட்டியையே எடுத்துக்கொள்வோம். தொட்டியில் 8 டிகிரி, சொட்டும் நீரில் 25 டிகிரி என்றால், ஒவ்வொரு லிட்டரும் 17 டிகிரி, அதாவது ஏறத்தாழ 300 மில்லிகிராம் சுண்ணம் கூடுதலாகக் கொண்டுவருகிறது. 10 கிராமுக்குச் சுமார் 33 லிட்டர். நிமிடத்திற்கு 23 மில்லிலிட்டர் போதும்.

முதல் இரண்டு வாரம் தினமும் சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வாயுவையும் நீரோட்டத்தையும் ஒரே நாளில் திருகினால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, சுண்ணக் கலம் உள்ள அளவைக் காப்பாற்றுவதற்கே உரியது. வெகுவாகக் குறைந்துபோன தொட்டியை முதலில் வேறு வழியில் மெல்லச் சரிப்படுத்திக்கொண்டு, அதன்பின் இதை ஓட்டுவதே முறை.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரியமிலவாயுவுக்கு நிறமில்லை. அது காற்றைவிடக் கனமானது. மூடிய சிறு அறையில் கசிந்தால் ஆளையே மூச்சுத் திணறவைக்கும். உருளையை நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும், அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். மின்சாரம் நின்றால் வாயுவும் தானாக நிற்கும்படி மின்வால்வு பொருத்துவது நல்லது. பிறர் வீட்டில், பிறர் கடையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். முதலாளிக்குத் தொட்டி, நமக்கு உயிர்.

நேயர்களே, இறுதியில் சொல்வதாகச் சொன்ன செய்திக்கு வருகிறேன். கரியமிலவாயு கல்லைக் கரைக்கும் என்று கண்டோம். அதே வாயு இன்று உலகெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் பெருகி வருகிறது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதில் ஒரு பகுதியைக் கடல் விழுங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன்னிருந்ததைவிடக் கடல் மேற்பரப்பின் பி.எச். ஏறத்தாழ 0.1 இறங்கியிருக்கிறது. சிறிய எண்ணாகத் தோன்றினாலும், நீரின் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது என்பது அதன் பொருள்.

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 'பயோஸ்பியர் 2' என்ற பெருங் கண்ணாடிக் கூடத்துக்குள் ஒரு செயற்கைக் கடல் அமைக்கப்பட்டது. 1990களில் கிறிஸ் லாங்டனும் அவருடைய குழுவினரும் அந்தக் கடலில் ஆய்வு நடத்தினர். நீரில் கார்பனேட்டுச் சத்துக் குறையும்போது பவளங்கள் கல் கட்டுவதும் குறைகிறது என்று 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். மனிதன் கட்டிய தொட்டி, கடலுக்கு வரப்போகும் நோயை முன்கூட்டியே காட்டிவிட்டது.

"சுண்ணக் கலத்தில் இதே வாயுதானே பவளத்திற்கு உதவுகிறது?" என்று ஒரு மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. கலத்தில் நாம் தனியாக ஒரு மூடிய பாத்திரத்தில், இறந்த எலும்பை மட்டும் கரைக்கிறோம். ஊசி வால்வைத் திருகி வாயுவை அளக்கிறோம். கரைந்த சுண்ணம் தொட்டிக்குப் போகிறது, மிஞ்சிய வாயு காற்றில் பிரிகிறது. அப்படியும் அறையில் காற்றோட்டம் குறைந்தால் தொட்டியின் பி.எச். இறங்கிப் பவளம் சோர்ந்துவிடும். பரந்த கடலுக்கோ மூடிய பாத்திரம் இல்லை. வாயுவை அளந்துவிட ஒரு வால்வும் இல்லை. உயிருள்ள பவளமே அந்த நீருக்குள் நிற்கிறது.

பவளப்பாறை அழிந்தால் நமக்கென்ன நட்டம்? பாறை இடுக்கே பற்பல மீன்களுக்குத் தொட்டில். கரைமேல் மோதும் அலையின் வேகத்தைத் தணிக்கும் மதிலும் அதுவே. நம் நாட்டின் தீவுகளைச் சுற்றிலும் அவை இருக்கின்றன. நம் சட்டிக்கு வரும் மீனில் ஒரு பங்கு அந்த வீட்டில் பிறந்து வளர்ந்ததே.

ஆன்னா தைன் வீட்டுப் பணிப்பெண் சன்னலருகே நின்று நீர் ஆற்றிய நாளிலிருந்து சுண்ணக் கலம் வரையில் சுமார் 150 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் மனிதன் கற்றது ஒரே நீதியைத்தான். ஓர் உயிரை வளர்க்க விரும்பினால், அது எடுப்பதை அளந்து, எடுத்த விகிதத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். மரத்தடியில் உரமிட்டுப் பழகிய உழைப்பாளர் குடும்பங்களுக்கு இந்த நீதி புதிதன்று. நம் பிள்ளைகள் அதை இரசாயனக் கணக்காகவும் கற்றுக்கொண்டால், தொட்டியைப் பார்க்கும் வேலையாளாக மட்டும் நில்லாமல், நாளை கடலைக் காக்கும் அறிஞராகவும் உயரலாம். அந்த முதற்படியாக, இந்த வாரம் ஒரு குவளைச் சுண்ணாம்பு நீரைப் பெரியவர் துணையோடு ஊதிப் பாருங்கள். அது பாலாகும்வரை ஊதினால் போதாது, மீண்டும் தெளியும்வரை ஊதுங்கள்.